தவளைக்கும் ஒரு வெள்ளோட்டம்

கிள்ளானில் நான் செய்யும் தொழில் கார் கண்ணாடிகளுக்குக் கறுப்புப் படம் ஒட்டுவது. மலேசிய வெயிலுக்கு அது இல்லாமல் ஆகாது. அந்தப் படம் வாங்குகிற வேலையாகத்தான் பெங்களூர் வந்தேன். எந்தக் கறுப்பு நல்ல கறுப்பு என்று நாள் முழுக்க வெயிலில் நின்று பார்த்து, கண்ணில் பட்டதெல்லாம் கறுப்பாகத் தெரியத் தொடங்கிய வேளையில் மாதையனிடமிருந்து செய்தி வந்தது. "நம்மூர்ல புது வண்டி வெள்ளோட்டம். நாலு வீதியும் சுத்தி வரும். வராம இருந்துராதீங்க."

மாதையனை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. கார் பைத்தியங்கள் கூடிப் பேசும் வாட்ஸ்அப் குழு ஒன்று எங்களுக்கு உண்டு. உலகத்தில் எங்கே கார் கண்காட்சி நடந்தாலும், எந்த மேடையில் எந்தத் துணியை உருவி எந்த வண்டியைக் காட்டினாலும், அந்த அறிமுகம் நன்றாக இருந்ததா நாறிப்போனதா என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை. இதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்காததற்காக நாங்கள் ஓய்ந்ததும் இல்லை. மாதையன் பென்னாகரம் பக்கம் தக்காளியும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. குழுவில் அதிகம் எழுதமாட்டார், எழுதினால் சண்டை வரும். அப்படிப்பட்டவரே புது வண்டி எடுத்துவிட்டார் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டிக்குள் தொங்கவிடுகிற ஆரஞ்சு வாசனைப் புட்டி ஒன்றை அன்பளிப்பாக வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

தர்மபுரி வரை எல்லோரும் வருகிற மாதிரிதான் வந்தேன். பென்னாகரம் பஸ்ஸில் ஏறியதிலிருந்துதான் கோளாறு. எனக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸுக்குள்ள எதுக்கு இவருக்குத் தொப்பி, மண்டையில முடி இருக்காதோன்னு பேசிக்கறாங்க."

தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். முடி இருந்தது. அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த அம்மா பையிலிருந்து ஒரு பிடி வேகவைத்த நிலக்கடலை எடுத்துக் கொடுத்தார். கடலையைத் தின்றேன், காற்று நன்றாக வந்தது, தூங்கிவிட்டேன். மீன் வறுக்கிற வாசனைதான் என்னை எழுப்பியது. பஸ் காலியாக இருந்தது.

"பென்னாகரம் பென்னாகரம்னு தொண்டை கிழியக் கத்துனேனுங்க. நீங்க கண்ண மூடி ஏதோ யோசனை பண்றீங்கன்னு வுட்டுட்டேன். இது ஒகேனக்கல்லுங்க" என்றார் நடத்துநர். என்மேல் அவர் வைத்திருந்த மரியாதைதான் என்னை அருவிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

வந்தது வந்தாகிவிட்டது என்று கெளுத்தி மீன் வறுவல் தின்றேன். எங்கள் ஊரில் மீனை வாழையிலையில் சுற்றி, சம்பால் என்கிற மிளகாய் விழுது தடவி, அதன் மீன்தன்மையை மறைத்துக் கொடுப்பார்கள். இங்கே மீன் மீனாகவே வந்தது, தலையும் முறைப்புமாக. அப்புறம் பரிசலில் ஏறினேன். அகன்ற கூடை மாதிரியான அந்தப் படகில் உட்கார்ந்ததும் தொழில் புத்தி விடவில்லை. இதற்கு முன்பக்கம் எது என்று பரிசல்காரரிடம் கேட்டேன்.

"நான் எந்தப் பக்கம் துடுப்புப் போடறனோ அதாங்க முன்னாடி" என்று சொல்லிவிட்டு, விளக்கம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, பரிசலை நடு ஆற்றில் ராட்டினம் போலச் சுற்றிக் காட்டினார். ஒரு வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பற்றி எங்கள் குழுவில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை நடந்திருக்கிறது. பரிசலுக்கு அதன் அகலமே போதும்.

மாதையனின் ஊருக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஊர்ப் பெயரை எழுதினால் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவார், அதனால் விட்டுவிடுகிறேன். தெருமுனையில் ஓர் அம்மாள் வீட்டு முன்னறையிலேயே தட்டுவடை செட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்து அமுக்கிக் கொடுப்பது இந்தப் பக்கத்துச் சங்கதி. கடை வாசல் உயரமாக இருந்தது. ஏறுவதற்குப் படி இல்லை. தக்காளி அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதில் கால் வைத்தேன், அது ஒரு பக்கம் சாய்ந்தது, நான் இன்னொரு பக்கம் சாய்ந்தேன்.

"பாத்துங்க, பாத்துங்க! அடி பட்டுச்சுங்களா?"

மானம்தான் பட்டது என்று சொல்லி எழுந்து, மாதையன் வீடு எது என்று கேட்டேன்.

"படியப் புடுங்குன மாதையனா, தேரு மாதையனா?"

"இரண்டு பேர் இருக்கிறார்களா?"

"ஒரே ஆளுதாங்க" என்றார் அந்த அம்மாள். அவர் பெயர் முனியம்மா. "தேரு சுத்தி வர வழி வேணும்னு ஒரு மூங்கிலத் தூக்கிக்கிட்டு நாலு வீதியும் அளந்தாருங்க. எம்மாமனார் போட்ட கருங்கல் படி, ரெண்டே படி, ரோட்டுல வருதுன்னு பேத்துட்டாங்க. எனக்கு முட்டி வலி. நாளெல்லாம் இந்த கிரேட்டு மேலதான் ஏறி எறங்கறேன். எதுத்தாப்புல பச்சையா தெரியுது பாருங்க, அதான் அவரு வூடு."

எந்தத் தேர் என்று கேட்டேன். அவர் தெருவின் மறுகோடியைக் காட்டினார். தகரக் கொட்டகைக்குள் வீட்டைவிட உயரமாக ஒன்று நின்றது. எண்ணெய் பூசிய புது மரம். யாளியும் குதிரையும் கொடிப்பெண்ணுமாகச் செதுக்கிய தட்டுகள், மேலே போகப் போக விரிந்துகொண்டே போயின. கீழே இரும்புச் சக்கரங்கள்.

"அதாங்க புது வண்டி. நாளான்னைக்கு வெள்ளோட்டம்."

ஆரஞ்சு வாசனைப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்பது மாதையன் வீட்டுக்குப் போனதும் தெரிந்தது. குழுவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஓசூரில் பிறந்து பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் கிரீஷ், புது வண்டி ஓட்டத்தைப் படம் பிடிக்க நெற்றியில் மாட்டும் கேமராவோடு வந்திருந்தார். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் செந்தில் டயரில் காற்று அளக்கும் மீட்டர் கொண்டுவந்திருந்தார். தேர்ச் சக்கரத்தில் அதை எங்கே வைப்பது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாதையன் நெடுநெடுவென்று இருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. "வெள்ளோட்டம்னு தெளிவாத்தானே எழுதுனேன்? காருக்கு யாருங்க வெள்ளோட்டம் வுடுவாங்க? புதுசா தேரு செஞ்சா, சாமிய ஏத்தறதுக்கு முன்ன ஒருக்கா சும்மா இழுத்துப் பாக்கறது. சாமிய ஏத்திக்கிட்டுப் போயி எங்கியாவது முட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

எங்கள் ஊரில் ரதத்துக்கு ரப்பர் டயர் உண்டு, பிரேக் உண்டு என்று நான் சொன்னேன். அவர் அதைப் பரிதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

மறுநாள் முழுக்கப் பேச்சு. இடம், மாதையன் வீட்டு முகப்பில் புதிதாகக் கட்டியிருந்த போர்டிகோ. கிள்ளானில் இதைக் கார் போர்ச் என்போம். அங்கே கார் நிற்காத கார் போர்ச்சைப் பார்க்கலாம், கார் போர்ச் இல்லாத வீட்டைப் பார்க்க முடியாது. துணி காய்வது, பிள்ளைகள் சைக்கிள் விடுவது, தூரத்துச் சொந்தம் வந்தால் பாய் விரிப்பது எல்லாம் அதில்தான். மாதையனின் போர்டிகோ அப்படிப்பட்ட குடும்ப போர்டிகோ இல்லை. பச்சை வண்ணத் தூண்கள், அவற்றையும் தாண்டித் தெருப்பக்கம் நீண்டு நிற்கும் கூரை, கூரை ஓரம் முழுக்கச் சிமெண்டுத் தாமரை. உள்ளே நடு நாயகமாக ஒரு கார், தலை முதல் கால் வரை துணி போர்த்தி நின்றது. அது என்ன வண்டி என்று அவர் சொல்ல மறுத்தார்.

"நாளைக்கு வெள்ளோட்டம் முடியட்டும். அப்பறம் துணிய எடுக்கறேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

காலை இட்லியோடு விவாதம் தொடங்கியது. மிகச் சிறந்த அறிமுகம் எது? கிரீஷ்தான் முதலில் பேசினார். "ஃபாரின்ல ஒரு ஷோ. மேடையெல்லாம் இருட்டு. லைட்டப் போட்டா நடுவுல வண்டி நிக்குது. எப்ப வந்துச்சு, எப்படி வந்துச்சு, ஒருத்தருக்கும் தெரியல. எலெக்ட்ரிக் வண்டி, சத்தமே இல்ல."

"சத்தமில்லாம இருட்டுல வந்தா அது அறிமுகமுங்களா, திருடனுங்களா?" என்றார் செந்தில். அவருக்குச் சிறந்தது வேறொன்று. அந்த மேடையில் பாட்டு இல்லை, புகை இல்லை. ஒருவர் வந்து காரின் கதவைத் திறந்து, ஒரே ஒரு முறை சாத்திவிட்டுப் போனாராம். "அந்தச் சத்தம் இருக்குதுங்களே, கெட்டியா, 'தப்'புன்னு. ஹாலே எந்திரிச்சு நின்னுருச்சுங்க."

எங்கள் பக்கத்தில் நான் பார்த்த ஓர் அறிமுகத்தைச் சொன்னேன். முக்கிய விருந்தாளி புது வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். எல்லோரும் கை தட்டினோம். அவருக்கு இறங்கத் தெரியவில்லை. கதவுக்குப் பிடி வைக்காமல் பொத்தான் வைத்திருந்தார்கள். பொத்தானைத் தேடி ஒவ்வொன்றாக அமுக்க அமுக்க, துடைப்பான் ஆடியது, பின்கதவு திறந்தது, இருக்கை மெல்லப் படுக்கையாகியது. கடைசியில் படுத்த நிலையிலேயே எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

மதியம் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். மாதையனின் மனைவி ராணி பரிமாறினார். நான் களியை மென்றேன். அது பல்லில் சேர்ந்துகொண்டு என்னைத் திருப்பி மென்றது. "மெல்லக் கூடாதுங்கண்ணா. கொழம்புல பொரட்டி அப்படியே முழுங்கோணும்" என்றார் ராணி. முழுங்கினேன். அது தன் வழியைத் தானே தெரிந்துகொண்டு இறங்கியது. அதற்குப் பிறகு இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினேன்.

மிக மோசமான அறிமுகம் எது என்பதில் எப்போதும் எங்களுக்குச் சண்டையே கிடையாது. தவளைதான். அது நாங்கள் வைத்த பெயர். பச்சை நிறம், அகன்ற வாய், பிதுங்கின விளக்குகள். அதன் உண்மையான பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், அனுப்ப அந்தக் கம்பெனி இப்போது இல்லை என்றாலும். டில்லிக் கண்காட்சியில் மேடையேறியது. திரை விலகியது, புகை வந்தது, பாட்டு வந்தது, வண்டி மட்டும் உறுமவில்லை. சாவியை மறுபடி மறுபடி திருகினார்கள். கடைசியில், ஆட வந்திருந்த பெண்களே சிரித்த முகம் மாறாமல் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அதற்கப்புறம் அதை வாங்க ஆள் வரவில்லை.

"பொண்ணுங்க தள்ளுன வண்டி!" என்று கிரீஷ் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மாதையன் சிரிக்கவில்லை. "மொத நாளு மேடையில நின்னுபோச்சுங்கறதுக்காக ஒரு வண்டிய ஆயுசுக்கும் மட்டம்னு சொல்றதா? எங்கல்யாணத்தன்னிக்கு எனக்குக் கடுங்காச்சல். தாலி கட்டறப்ப கை நடுங்குது. அதுக்காக மாப்ளையையே மாத்திட்டாங்களா?"

"யாரும் எங்கிட்டக் கேக்கலியே" என்று உள்ளேயிருந்து ராணியின் குரல் வந்தது.

சாயங்காலம் மாதையன் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு நாலு வீதியும் நடந்தார். கையில் அந்த மூங்கில். தேரின் அகலத்துக்குச் சரியாக நறுக்கியது. இடுப்பளவில் குறுக்கே பிடித்துக்கொண்டு வீதியில் நடப்பார், இரண்டு பக்கமும் எதில் பட்டாலும் அது போக வேண்டியதுதான். இப்படித்தான் ஒருவரின் சாய்ப்புக் கூரை, ஒருவரின் தண்ணீர்த் தொட்டி, முனியம்மாவின் படி எல்லாம் போயிருக்கின்றன. அவருடைய சொந்தப் போர்டிகோ தூண்களில் மூங்கில் படவில்லை. எனக்கே காட்டினார். இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

"காருன்னா சைடு கண்ணாடியோட சேத்து அளக்கோணும். தேருக்குத்தான் கண்ணாடி கெடையாதே" என்று சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றது. "மலேசியாக்காரரே, எல்லார் வூட்டு வாசலையும் இடிக்கச் சொன்னது நான்தான். திட்டாத ஆளு இல்ல. நாளைக்குத் தேரு ஒரு சுத்து வந்து நிலைக்குப் போயிட்டா, எல்லாம் மறந்துரும். எங்கியாவது முட்டுச்சுன்னு வைங்க, இந்தூர்ல நான் தல நிமுந்து நடக்க முடியாது."

முனியம்மா கிரேட்டின் மேல் நின்று கடைக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தோம்.

அடுத்த நாள் காலையிலேயே மேளம். தேரின் உச்சியில் சாமிக்குப் பதில் கலசம் வைத்து, கனத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். மாவிலையும் வாழையும் கட்டியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் என் வாசனைப் புட்டியும் தொங்கியது. "வண்டிக்குன்னு கொண்டாந்தது வண்டியிலதான் இருக்கோணும்" என்றார் மாதையன். தேர்க் கமிட்டித் தலைவர் என்பதால் அவருக்குப் புது வேட்டி, தலைப்பாகை, தோளில் மஞ்சள் துண்டு. இந்த ஊரில் முதல் வடம் பெண்கள் பிடிப்பது வழக்கம். ராணி முன்னால் நின்றார். முனியம்மாவும் முட்டி வலியோடு நடுவில் நின்றார்.

நான் பார்த்த அறிமுகங்களில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியாது. குலவைச் சத்தம் எழுந்தது, வடம் விறைத்தது, அந்தப் பெரிய மரம் முனகிக்கொண்டு நகர்ந்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. அரசியலில் மட்டும் கேள்விப்பட்டிருந்த முட்டுக்கட்டையை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சொருகித்தான் தேரை நிறுத்துகிறார்கள், திருப்புகிறார்கள். செந்தில் வாயைப் பிளந்துகொண்டு கட்டை போடுகிறவர்களின் பின்னாலேயே ஓடினார். கிரீஷ் நெற்றிக் கேமராவில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் வீதி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது வீதியில் மாதையனின் மீசை தளர்ந்து சிரிக்க ஆரம்பித்தது.

கடைசித் திருப்பம் அவர் வீட்டு முனை. ஒரு பக்கம் முனியம்மாவின் கடை, மறுபக்கம் போர்டிகோ. சக்கரம் அழகாகத் திரும்பியது. தெரு அங்கே கொஞ்சம் சரிவு. தேர் லேசாகப் போர்டிகோ பக்கம் சாய்ந்தது. மேலே 'நறுக்' என்று ஒரு சத்தம்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மேல் தட்டில் வாயைத் திறந்துகொண்டிருந்த யாளியின் மூக்கு, போர்டிகோவின் சிமெண்டுத் தாமரைக்குள் போய் நின்றிருந்தது. கீழே தூணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாதையன் சொன்ன இடைவெளி பத்திரமாக இருந்தது. காரை அளக்கிற மாதிரி அவர் கீழேயே அளந்திருக்கிறார். தேர் மேலே விரியும் என்பதை அதைச் செய்த ஸ்தபதி அவரிடம் சொல்லாமல் இல்லை. அவர் கேட்டுக்கொண்ட லட்சணம் அப்படி.

மேளம் நின்றது. சாய்ப்பு இழந்தவரும் தொட்டி இழந்தவரும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் யாளியைப் பார்க்காமல் மாதையனைப் பார்த்தார்கள், அதுதான் பயமாக இருந்தது.

"கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஒடிச்சா?" என்றார் கிரீஷ்.

அவரைச் சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் கேமராவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "தேரு பின்னால போவக் கூடாதுங்க. கெளம்புனா நிலைக்குத்தான்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

ஸ்தபதி மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். தலைவரைச் சங்கடப்படுத்த அவருக்கு மனமில்லை. "யாளியோட மூக்க ஒரு சாண் அறுத்துட்டா போயிரும். அப்பறமா ஒட்டுப் போட்டுக்கலாம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

யாரோ மூங்கிலைக் கொண்டுவந்து மாதையனிடம் கொடுத்தார்கள். இன்னொரு தடவை அளந்தார். மூங்கில் நேற்று சொன்னதையே சொன்னது. அவர் முகத்தில் வியர்வை வழிந்தது. தலைப்பாகையைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முந்தின நாள் முழுக்க அடுத்தவர் வண்டிகள் மேடையில் நின்றுபோனதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இந்த மனிதர் நடுத்தெருவில் நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனால் முனியம்மாவின் படியும் கண்ணுக்கு எதிரேயே இல்லாமல் இருந்தது.

வடத்தை விடாமலே ராணி திரும்பினார். "மூக்க அறுத்தா அது யாளியாங்க? ஊரான் வூட்டு வாசல எல்லாம் அளந்தீங்கல்ல. நம்ம போர்டிகோ மூக்க அறுங்க."

மாதையன் தன் வீட்டைப் பார்த்தார். பிறகு "கடப்பாரை எடுத்தாங்கப்பா" என்றார்.

ஓடிப்போய்க் கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டுவந்தார்கள். கூரை எட்டவில்லை. எதன் மேல் ஏறுவது என்று தேடும்போது, முனியம்மா வடத்தை விட்டு நொண்டிக்கொண்டு போய், தன் கடை வாசலில் கிடந்த கிரேட்டை இழுத்துவந்து மாதையன் காலடியில் போட்டார்.

"இந்தாங்க தலைவரே. பழகுன கிரேட்டுதான். பாத்து ஏறுங்க, ஒரு பக்கம் சாயும்."

மாதையன் கிரேட்டில் ஒரு காலை வைத்தார். அப்போதுதான் செந்தில் கத்தினார். "அண்ணா, கார்! கூரைய ஒடச்சா கார் மேலதானுங்க விழும்!"

துணி போர்த்திய கார் உள்ளேயே நின்றது. மாதையன் துணிக்குள் நுழைந்து, துணியை எடுக்காமலே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். செருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருகினார். செருமலும் வரவில்லை. ராணி ஏதோ சொல்ல, வடம் பிடித்திருந்த பெண்களில் ஏழெட்டுப் பேர் வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காரின் பின்னால் கை வைத்தார்கள். தேர் மறிக்காத முனைப் பக்கமாகக் கார் நகர்ந்தது. துணியின் ஓரம் தூணில் மாட்டியது. கார் மட்டும் வெயிலுக்கு வந்தது.

பச்சை நிறம். அகன்ற வாய். பிதுங்கின விளக்குகள்.

கிரீஷ் என் கையைப் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். எந்த ஊர்ப் பழைய வண்டிக் கடையின் மூலையில் கிடந்ததோ, எத்தனை நாள் தேடிப் பிடித்தாரோ. எங்கள் முன்னால் துணியை உருவி அதை உறுமவைத்துக் காட்ட வேண்டும் என்பதற்காகவே இந்தப் போர்டிகோவைக் கட்டியிருக்கிறார். உள்ளே மஞ்சள் துண்டோடு நேராகப் பார்த்தபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் சிரித்தபடி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"என்னா மாதையா, உன் வண்டிக்கும் இன்னைக்கேவா வெள்ளோட்டம்?" என்று சாய்ப்பு இழந்தவர் குரல் கொடுத்தார். அவ்வளவுதான், ஊரே சிரித்தது. மேளக்காரருக்கு என்ன தோன்றியதோ, காருக்கும் நாலு தட்டுத் தட்டினார். குலவைகூட எழுந்தது. அந்தச் சிரிப்பில் பகை இல்லை. மாதையனும் கடைசியில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நான் சொன்ன அந்த விருந்தாளி மாதிரி ஆட்டினார்.

கூரையின் முன்பக்கம் பாளம் பாளமாக விழுந்தது. முதல் அடியை அவரே போட்டார், முனியம்மாவின் கிரேட்டின் மேல் நின்று. யாளி முழு மூக்கோடு முன்னால் நகர்ந்து போய் நிலையில் நின்றது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் விவாதத்தைத் தொடங்கவில்லை. செந்தில் தவளையின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டவர், சாயங்காலம் வரை வெளியே எடுக்கவில்லை. கிரீஷ் விளக்குப் பிடித்தார். மோசமான அறிமுகம் எது என்று நானும் கேட்கவில்லை.

கிளம்புகிற நாள் காலையில் முனியம்மாவின் கடைக்குப் போனேன். கடை திறந்திருக்கவில்லை. வாசலில் மாதையன் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு சட்டியில் சிமெண்டுக் கலவை. இடிந்த கூரையிலிருந்து எடுத்த இரண்டு பாளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சுவரோடு ஒட்டிப் படி வைத்துக்கொண்டிருந்தார். மேல் படியின் ஓரத்தில் அரைத் தாமரை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

கிரேட்டின் மேல் உட்கார்ந்து முனியம்மா மேற்பார்வை பார்த்தார். "இன்னும் உள்ள தள்ளி வைங்க தலைவரே. தை மாசம் தேரு சாமியோட வரும்."

"தெரியுமுங்க" என்றார் மாதையன். எழுந்துபோய் மூங்கிலை எடுத்துவந்தார். படியின் ஓரத்தில் நின்றுகொண்டு, குனியாமல், மூங்கிலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"படிய அளக்கறதுக்கு எதுக்குங்க வானத்தப் பாக்கறீங்க?" என்றார் முனியம்மா.

மாதையன் கையை இறக்கவில்லை. "கொஞ்சம் பேசாம இருங்கம்மா, அளக்கறனில்ல" என்றார்.